மதுரையைக் கடைசியில் ஏற்றியவன்

ஜெராக்ஸ் கடை அப்துல் ஹமீதுக்கு சிவபாண்டி கொடுக்க வேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். அந்தப் பாக்கி இப்போது எக்ஸெல் வண்டியில் ஏறி வந்து, தெருவில் நின்று, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

சிவபாண்டி வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மை ஒட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏ சிவபாண்டி! வெளிய வாய்யா!"

வாசலை மறித்துக்கொண்டு நின்றவள் அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாய். அவள் தலைக்கு மேலே நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. மகள் மாரீஸ்வரிக்கு அம்மை போட்டிருந்தது.

"உள்ள வராதீய பாய். ஆத்தா இறங்கியிருக்கா."

"நான் எதுக்குத் தாயி உள்ள வாரேன்? அவரை வெளிய அனுப்பு."

"அம்மை கண்ட வீட்டுலேருந்து எதையும் வெளிய கொடுக்கக்கூடாது பாய். ஒரு கை உப்புகூடக் கொடுக்க மாட்டோம்."

"நான் என்ன உப்பா கேட்டேன்? ஆளைத்தான கேக்கேன்."

"ஆளும் அப்படித்தான்."

ஹமீது திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதை அப்படியே மென்று முழுங்கிக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான். அதுக்கு மேல போச்சுன்னா எவனாலயும் ஒண்ணும் செய்ய முடியாது. வந்தா சொல்லிரு!"

வண்டி டபடபவென்று போனது. டிரம்முக்குப் பின்னால் இருந்தவன் இன்னும் குனிந்துகொண்டான். கடன்காரன் கெடு வைத்துவிட்டான் என்றால், அப்புறம் சட்டையைப் பிடிப்பதுதானே பாக்கி?

அது ஊதாரித்தனமாக வாங்கிய கடன் இல்லை. மாரீஸ்வரியின் நீட் தேர்வுக் கட்டணம், டாக்டர் படிப்புக் கலந்தாய்வுக் கட்டணம், பழைய கேள்வித்தாள்களை எல்லாம் ஜெராக்ஸ் போட்ட காசு. "பொறவு கொடு" என்று ஹமீது எழுதி வைத்துக்கொண்டது. பிள்ளை நல்ல மார்க்கும் வாங்கிவிட்டாள். படித்தது உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு கிடையாது. பொதுவில் போட்டி போட வேண்டும். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகக் கம்ப்யூட்டரில் போட்டுவிட வேண்டும். மார்க்குக்குத் தக்கபடி அதில் ஒன்று விழும்.

அந்த வாரம் பார்த்து அம்மை. கண் இமையெல்லாம் கொப்புளம். "செல்லைத் தொட்டா கண்ணு போயிரும்" என்று வெள்ளைத்தாய் போனைப் பிடுங்கிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். ஹமீது கடைக்குப் போனால் அரை மணியில் முடித்துத் தருவார். ஆனால் பாக்கியை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது?

அங்கேதான் சிவபாண்டிக்குக் குரூப் கை கொடுத்தது. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றவர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்த டெலிகிராம் குரூப் அது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகியவன் சிவபாண்டி. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, போட்டோ எந்த அளவில் வேண்டும், எதற்கும் அங்கே ஒரு பதில் இருந்தது. காசு வாங்காமல், முகம் சுளிக்காமல் சொன்னார்கள். அதிலும் "சிட்டுக்குருவி" என்று பெயர் வைத்து, குருவிப் படம் போட்டிருந்த ஒரு பிள்ளை இருந்தாள். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாலும் மூன்று தடவையும் பொறுமையாகப் பதில் எழுதுவாள். மெட்ராஸில் டாக்டருக்குப் படிக்கிற, கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண்ணாக இருக்கும் என்று சிவபாண்டி நினைத்துக்கொண்டான். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்.

ஹமீதுக்கோ குரூப் என்றாலே ஆகாது. "குரூப்பில் சொன்னதை இங்கே வந்து கேட்காதீர்கள்" என்று கடையில் அட்டையே எழுதித் தொங்கவிட்டிருந்தார்.

எக்ஸெல் வண்டி வந்த அன்று மத்தியானம், கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தபடி மாரீஸ்வரி வரிசை சொன்னாள்.

"முதல்ல மதுரைப்பா. அடுத்து திருநெல்வேலி. பொறவு விருதுநகர், தேனி..." இப்படியே பதிமூணு சொன்னாள். "எதுவுமே கிடைக்காட்டிதான், கடேசியா அந்தத் தனியார் காலேஜ். அதுக்கு வருசத்துக்கு லட்சக்கணக்குல கட்டணும்."

"எனக்குத் தெரியாதா? நீ தூங்கு தாயி."

சிவபாண்டி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் குடோனில் லோடுமேன். லாரியில் சரக்கு ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் இறங்க வேண்டிய ஊர்ச் சரக்கைக் கடைசியில், கதவோரமாக ஏற்ற வேண்டும். கடைசி ஊர்ச் சரக்கை முதலில் ஏற்றி உள்ளே தள்ளிவிட வேண்டும். இது தெரியாதவன் வழியெல்லாம் மூட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்பான். இத்தனை வருட வேலையில் சிவபாண்டி ஒரு தடவைகூட மாற்றி ஏற்றியதில்லை.

இப்போதும் மாற்றவில்லை. தனியார் கல்லூரியை முதலில் ஏற்றினான். தேனிக்குப் பின்னால் விருதுநகர், அதற்குப் பின்னால் திருநெல்வேலி. மதுரையைப் பதினாலாவதாக, கதவோரம் வைத்தான். கதவைத் திறந்ததும் மதுரைதான் விழ வேண்டும்.

வேலை சுத்தமாக இருந்ததில் அவனுக்கே பெருமை. அதைப் படம் பிடித்து, "எம் மக லிஸ்டு, சரியா பாருங்க" என்று குரூப்பில் போட்டான். அவன் போட்ட மறுநிமிடம் நூறு பேர் நூறு கேள்வி கேட்டதில் அது எங்கேயோ மேலே போய்விட்டது. அப்போதுதான் போன் அடித்தது. ஹமீது. எடுக்கவில்லை. மறுபடி ஹமீது. மறுபடியும். சிவபாண்டி போனையே அணைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில்தான் எக்ஸெல் வண்டி வாசலுக்கு வந்தது.

மறுநாள் சீக்கிரமே குடோனுக்குப் போய்விட்டான். அங்கே ஆபத்தில்லை என்று ஒரு நினைப்பு. மத்தியானத்துக்கு மேல் லாரியில் பேண்டேஜ் பண்டல்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அந்த டபடப சத்தம் கேட்டது.

"ஏ இம்மானுவேல், சிவபாண்டி எங்கய்யா?" ஹமீது டிரைவரிடம் கேட்டார். மூச்சு வாங்கியது.

"இப்பத்தான இங்கன நின்னாரு?"

சிவபாண்டி பண்டல்களுக்கு நடுவே புகுந்து, ஒன்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஹமீது குடோனைச் சுற்றினார். கழிவறைக் கதவைத் தட்டினார். "கோவிச்சுக்கிட்டு ஒளியாதய்யா, காரியம் கெட்டுப்போகும்!" என்று காலியான கழிவறையிடம் கெஞ்சினார். பிறகு லாரிப் பக்கம் வந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் இம்மானுவேல் பின்கதவைச் சாத்திக் கொக்கி போட்டு வண்டியை எடுத்துவிட்டான்.

கதவு திறந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர்.

"ஏய்யா, நீரு எப்ப ஏறுனீரு?" இம்மானுவேல் வாயைப் பிளந்தான்.

"நீ எப்ப கொக்கி போட்டியோ அதுக்கு முன்னாடி."

"அங்கன பாய் உம்மைத் தேடி அலையுதாரு. கேட்டா சொல்ல மாட்டேங்காரு. அழாத குறையா நிக்காரு."

"நாலாயிரத்துக்கு அழுகையா? இருக்கப்பட்டவனுக்குத்தான்யா வலிக்கும்."

இறக்கி முடித்ததும் சிவபாண்டி தைரியமாகப் போனை உயிர்ப்பித்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி வந்து ஹமீது என்ன செய்துவிடுவார்? போன் கையில் துடித்தது. எல்லாம் சிட்டுக்குருவி.

"அண்ணே, லிஸ்ட் தலைகீழா இருக்கு."

"அண்ணே, போனை எடுங்க."

"இது லாரி இல்ல அண்ணே. கம்ப்யூட்டர் மேலேயிருந்துதான் பார்க்கும். முதல்ல இருக்கறது கிடைச்சா அதோட நிறுத்திரும். கீழ இருக்கற எதையும் பார்க்காது. பாப்பா மார்க்குக்கு அந்தத் தனியார் காலேஜ் கண்டிப்பா கிடைச்சிரும். இன்னைக்கு அஞ்சு மணியோட மூடிருவாங்க."

சிவபாண்டி ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். லட்சக்கணக்கில் பணம். வீட்டை விற்றாலும் முதல் வருடத்துக்குக் காணாது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, அப்பனை நம்பி ஒப்படைத்த வரிசை.

"தங்கச்சி, நான் கெடுத்துட்டேன்" என்று எழுதினான். எழுத்துக்கூட்டி முடிக்க அதற்கே ஒரு யுகம் ஆனது.

"இன்னும் நேரம் இருக்கு. பதறாதீங்க. ஏன் போனை அணைச்சு வச்சீங்க?"

"ஒரு கடன்காரன் விரட்டுதான் தங்கச்சி. ஜெராக்ஸ் கடைக்காரன். எருமைக் கொரல். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு அம்மை போட்ட வீட்டு வாசல்ல வந்து கத்துதான். மனுசனே இல்ல."

அந்தப் பக்கம் எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது. நின்றது.

"சரி. அதை விடுங்க. லிஸ்டைத் திறங்க" என்று வந்தது.

திறந்தான். போனில் சார்ஜ் சிவப்பில் நின்றது. பக்கத்தில் பால்கோவாக் கடை. சார்ஜ் போட இடம் கேட்டதும், ஏதாவது வாங்கினால்தான் என்பதுபோலக் கடைக்காரர் முறைத்தார். கால் கிலோ வாங்கினான். ஒயர் குட்டையாக இருந்ததால் கல்லாவுக்குக் கீழே மண்டியிட்டு உட்கார்ந்து, மதுரையை மேலே தள்ளினான். அது ஒரு படிதான் ஏறியது. இன்னும் தள்ளினான். விரல் வழுக்கித் தேனி கீழே போய் விழுந்தது. தேனியைத் தூக்கினால் திருநெல்வேலி இறங்கியது.

"கூப்பிட்டுப் பேசட்டுமா தங்கச்சி? வாயால சொன்னா சட்டுனு புரியும்."

"வேண்டாம் அண்ணே. எழுதினாப் போதும்."

நல்ல குடும்பத்துப் பிள்ளை, அந்நிய ஆம்பளையோடு பேசாது என்று அந்த அவசரத்திலும் சிவபாண்டி மெச்சிக்கொண்டான்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடுங்க" என்று வந்தது.

அழித்தான். பதினாலும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து நெட் நின்றுவிட்டது. இப்போது மாரீஸ்வரிக்குத் தனியார் கல்லூரிகூட இல்லை. ஒன்றுமே இல்லை.

போனைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். தேரடிப் பக்கம் ஆகாசத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தேரைப் பார்த்துக் கும்பிடுகிறான் என்று ஒரு அம்மாள் வழிவிட்டாள். கும்பிடவும்தான் செய்தான். ஒரு கோடு வந்தது. இரண்டு கோடு. அசையாமல் நின்றான்.

"நெட்டு வந்துட்டு தங்கச்சி."

"முதல்ல மதுரை. போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"திருநெல்வேலி?"

"போட்டாச்சு."

ஒவ்வொன்றாக அவள் கேட்க, ஒவ்வொன்றாக அவன் போட்டான். பதினாலாவது ஏறிச் சேமித்து முடித்தபோது ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வெயிலில் நின்றதில் சட்டை முழுக்க நனைந்து, கையிலிருந்த பால்கோவா இளகிப் பொட்டலம் பிசுபிசுத்தது.

"தங்கச்சி, நீ மட்டும் இங்கன இருந்தா இந்தப் பால்கோவாவை உன் வாயில ஊட்டிருவேன்."

"எனக்குச் சுகர் அண்ணே."

"இந்த வயசுலயா!"

பாவம், படித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டது என்று வருத்தப்பட்டான்.

மாரீஸ்வரிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய வாரத்தில் முடிவு வந்தது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி. வெள்ளைத்தாய் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாரீஸ்வரி அப்பன் தோளில் சாய்ந்து அழுதாள். சிவபாண்டி நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "ஏத்துறது எம் பொழப்பு. சரியாத்தான் ஏத்துவேன்" என்றான்.

வேப்பிலையை அவிழ்த்தாகிவிட்டது. இனி வீட்டிலிருந்து வெளியே கொடுக்கலாம். குடோனில் முன்பணம் வாங்கி, நாலாயிரத்து முந்நூற்று எழுபதையும் எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சிவபாண்டி தானாகவே ஜெராக்ஸ் கடைப் படியேறினான். தொண்டையைச் செருமி, திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

கல்லாவில் ஹமீதின் மனைவி நூர்னிசா உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்த ஹமீது அவனைக் கண்டதும் ஒரு கட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"இந்தாங்க தாயி. பாய் காசு. லேட்டாயிட்டு, மன்னிக்கணும்."

"உள்ள வைங்க அண்ணே. அவிய அதை நோட்டுல அன்னைக்கே அடிச்சுவிட்டுட்டாவ. புள்ள டாக்டராயி அவிய சுகருக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தா கணக்குச் சரியாப் போச்சாம்."

சிவபாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"காசு வேண்டாம்னா, அப்ப எதுக்குத் தாயி வாசலுக்கு வந்து, குடோனுக்கு வந்து, அந்த விரட்டு விரட்டுனாரு? எதுக்கு வந்தோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

உள்ளே பேப்பர் கட்டு லேசாக ஆடியது. நூர்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"காய்ச்சல்ல கெடக்குற புள்ள காதுல விழ வேண்டாம்னுதான் யாருகிட்டயும் வாயைத் திறக்கல. நீங்க போனை அணைச்சு வச்சா குருவி எத்தனை மெசேஜுதான் போடும் அண்ணே? அதான் எக்ஸெல் வண்டியை எடுத்துக்கிட்டு வந்துச்சு."