ராஜகிரியைத் தலையில் சுமந்த ஜோசப்பின்

செஞ்சி,
டிசம்பர் 1947.

மதிப்புக்குரிய மைத்துனர் அமிர்தசாமி அவர்களுக்கு, சுதந்திர இந்தியாவிலிருந்து யாகப்பன் எழுதுவது. மாதாவின் தயவால் நானும் தங்கள் தங்கை ஜோசப்பினும் நலம். இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருக்கும் தங்கள் புதுச்சேரிக் குடும்பத்துக்காகவும் வேண்டிக்கொள்கிறோம்.

கல்யாணப் பந்தியில் தாங்கள் பேசியதை நான் மறக்கவில்லை. நாற்பத்தாறு வயது மாப்பிள்ளையிடம் ஒரு காமிராவை நீட்டி, "எந்தங்கச்சி சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க மச்சான். அதைப் பாத்தாத்தான் அம்மா செஞ்சிக்கு வருவாங்களாம்" என்றீர்கள். பந்தியே சிரித்தது. எனக்குப் பாயசம் இறங்கவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தாய் வரவேண்டும் என்று ஜோசப்பின் தினமும் ஜெபமாலை சொல்வதால்தான் அந்தக் காமிராவைத் தொட்டேன்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் கோட்டைக்குப் போனோம். தங்கள் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, பிறகு விட்டுப்போன அதே கோட்டை. இங்கிருந்து போகத் தெரிந்தவர்களுக்குப் புதுச்சேரியிலிருந்து போக ஏனோ வழி தெரியவில்லை. புதுப்பெண்ணோடு தனியாகப் போனால் ஊர் பேசும் என்று என் அக்காள் ராயம்மாளும் புளிச்சோற்றுத் தூக்கோடு கிளம்பிவிட்டாள். எங்கள் அம்மாவின் தோட்டை அவள் எடுத்துக்கொண்ட நாள் முதல் எங்களுக்குள் பேச்சில்லை. நாத்தனார் எதிரில் புதுப்பெண் புருஷனோடு பேசும் வழக்கமும் இல்லை. ஆக, மூவரும் வாய் திறக்காமல் நடந்தோம். எங்கள் ஊர்க் காங்கிரஸ் கமிட்டி ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

கீழிருந்து ராஜகிரி மலையைப் படமெடுத்தேன். களஞ்சியத்தை எடுத்தேன். பிறகு ஜோசப்பினைக் கல்யாண மகால் முன் நிறுத்தினேன். அவள் சிரிக்காமல் காமிராவையே கண்ணால் காட்டிக்கொண்டிருந்தாள். நாணம் என்று எண்ணிப் பூரித்து, அதையும் எடுத்தேன். அவள் ராயம்மாள் காதில் ஏதோ சொல்ல, ராயம்மாள், "நான் இன்னாத்துக்குச் சொல்லணும்? தோடு கேக்கத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா?" என்றாள். மீண்டும் கிசுகிசுப்பு. கடைசியில் ராயம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"டேய் யாகப்பா, பிலிமைச் சுத்தவே இல்லியாம்டா நீ. ஒண்ணு மேல ஒண்ணா எடுத்துக்கினு இருக்கியாம். உம்பொண்டாட்டி அப்போலேர்ந்து எங்கிட்ட சொல்லிக்கினு கிடக்குறா."

நான்கு வருஷத்தில் அவள் என்னோடு பேசியது இதுதான். பி.ஏ. படித்தவனுக்கு இவள் சொல்லித் தருவதா? "எனக்குத் தெரியும்" என்றேன். நானும் பேசிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதைக் கண்டு ஜோசப்பின் படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தவும் மறந்து சிரித்தாள். நான் விடவில்லை, அமுக்கிவிட்டேன்.

திண்டிவனம் ஸ்டுடியோக்காரர் மாலை பஸ்ஸில் படத்தைக் கொடுத்தனுப்புகிறார். வந்ததும் இத்துடன் வைக்கிறேன். அத்தையிடம் காட்டி, பந்தியில் சிரித்த அத்தனை பேருக்கும் காட்டுங்கள். ரேஷன் அரிசியில் கல் குறையவில்லைதான்; ஆனாலும் என் வீட்டில் தங்கள் தங்கை சிரிக்கிறாள். காமிராவைத் தனியே திருப்பி அனுப்புகிறேன். ராயம்மாளோடு இனியும் பேச்சில்லை.

தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும் ஜோசப்பினின் முத்தங்களும்.

இப்படிக்கு,
யாகப்பன், பி.ஏ.

பின்குறிப்பு: படம் வந்துவிட்டது. ஒரே படம். ஜோசப்பின் தலைமேல் ராஜகிரி உட்கார்ந்திருக்கிறது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் களஞ்சியச் சுவர். ராயம்மாள் சொன்னது சரி. அதை அவளிடமே சொல்ல வேண்டியதாயிற்று. படத்தைப் பார்த்ததிலிருந்து ஜோசப்பின் அடுப்படியில் சிரித்துக்கொண்டே இருக்கிறாள், சோறு அடிப்பிடித்துவிட்டது. ஆகவே அத்தையை நேரிலேயே வந்து பார்க்கச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் சமையல் ராயம்மாளுடையது. காமிரா இங்கேயே இருக்கட்டும்; அத்தை வரும்போது ஒரு பிலிம் சுருள் கொடுத்தனுப்பவும்.