கொய்யா மரத்துக்கு ஒரு மூட்டை

“பிரிச்சுக் கொடுக்க மாட்டோம் சார். மூட்டையாத்தான் எடுக்கணும்” என்றார் பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடைக்காரர்.

புருஷோத்தமனுக்குத் தேவை இரண்டு கை சுண்ணாம்புத் தூள். வீட்டுக் கொய்யா மரத்தில் எறும்பு ஏறுகிறது, அடிமரத்தில் பூச வேண்டும். கடைக்காரரோ இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தட்டிக்காட்டி, இறால் குட்டைக்குப் போடலாம், புளித்துப்போன வயல் மண்ணில் தூவலாம், சாயப்பட்டறைக் கழிவுநீரில் கலக்கலாம், ரோடு போடும் இடத்தில் களிமண்ணை இறுக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். புருஷோத்தமனிடம் குட்டையும் இல்லை, வயலும் இல்லை, பட்டறையும் இல்லை. வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஏடிஎம் வாசலில் காவல் வேலை. மனைவி இறந்த பிறகு சாரம் பகுதியில் இருக்கும் வீட்டில் தனி வாசம். ஆனால் ஒரு மனிதர் அவரோடு அவ்வளவு நேரம் பேசி வெகுநாளாகியிருந்தது. மூட்டையை வாங்கிவிட்டார்.

மரத்துக்குப் பூசிய பிறகும் மூட்டை குறைந்ததாகவே தெரியவில்லை. அன்றைக்குப் பெய்த மழையில் கூரை ஒழுகி, மூட்டையின் ஓரம் நனைந்து கட்டி தட்டத் தொடங்கியது. வீணாக்க மனமில்லாமல், வெயில் வந்ததும் டிரம்மில் கரைத்துச் சுற்றுச்சுவருக்கு அடித்தார். சுவர் வெளுத்ததும் வீட்டு முகப்பு அழுக்காகத் தெரிந்தது. முகப்புக்கும் அடித்தார். அப்புறம் பக்கச் சுவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள், வருஷக்கணக்கில் வெறும் தலையாட்டலோடு கடந்து போகிற பக்கத்து வீட்டு ராமலிங்கம் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

“என்னா சார், கல்யாணமாமே?”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். எங்ககிட்டயே மறைக்கிறீங்களே.”

இல்லை என்று சொல்லத்தான் புருஷோத்தமன் வாயைத் திறந்தார். அதற்குள் ராமலிங்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இல்லை என்றால் எழுந்து போய்விடுவாரே.

“இன்னும் முடிவாகலை.”

அது போதுமாயிருந்தது. எந்த மாதம் என்று கேட்டவர்களிடம் தை என்று சொல்லவேண்டியதாயிற்று. பெண் எந்த ஊர் என்றவர்களிடம் பக்கத்தில்தான் என்றார். நெல்லித்தோப்பிலிருந்து ஒரு சமையல்காரர் எத்தனை இலை என்று விசாரித்து வந்தார். பந்தல்காரர் வாசலை அளக்க ஆரம்பித்தார். பந்தலெல்லாம் வேண்டாம் என்று தடுத்ததும், மண்டபமே பிடித்துவிட்டார் என்று தெரு பேசிக்கொண்டது.

வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தார். டம்ளர்கள் போதவில்லை. அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

எல்லோரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் உறைத்தது. தை வந்துவிடும், பெண் வரமாட்டாள். தெருவே சிரிக்கும். அதற்கப்புறம் அந்தத் தலையாட்டல்கூடக் கிடைக்காது.

யாரிடமாவது உண்மையைச் சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டு வசந்தா புருஷன் இறந்த பிறகு பிளவுஸ் தைத்துத் தனியாகக் காலந்தள்ளுகிறவர், அதிகம் பேசாதவர். காலையில் அவர் வாசலில் போய் நின்று, தையல் மெஷின் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு, கல்யாணமும் இல்லை, பெண்ணும் இல்லை, மிஞ்சிப்போன சுண்ணாம்புதான் இத்தனைக்கும் காரணம், இதை நீங்கள்தான் தெருவில் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

வசந்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“உங்களுக்குக் கல்யாணம்னு ராமலிங்கத்துகிட்ட சொன்னதே நான்தான். பொண்ணு யாருன்னு மட்டும் இன்னும் சொல்லலை.”