ஹயஸ் வானின் மேல் நட்ட பாய்மரம்

இயேசு மரி சூசை துணை

நாரந்தனை,
21.12.2003

அன்புள்ள தம்பி அன்ரனிதாஸ் அறிவது,

இங்கு நானும் உன் அண்ணி மேரிஜோசப்பினும் ஆண்டவர் கிருபையால் சுகம். எங்கள் வானும் சுகம், இயந்திரம் தவிர. நீயும் உன் மனைவியும், நேற்றுக் கொழும்பு ரீவியில் கரோல் பாடி இந்த ஊரையே அழவைத்த உன் மகள், என் பெறாமகள் நிமலினியும் நலமாயிருக்க மன்றாடுகிறோம்.

தம்பி, நடந்ததை ஒழுங்காகச் சொல்லாவிட்டால் வாத்தியாரான எனக்கு மனம் ஆறாது. வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை. வன்னியிலிருந்து சாமான் ஏற்றிவந்த பழைய ஹயஸ் வானில்தான் குடியிருக்கிறோம். ஏழு வருடம் மண்ணெண்ணெயில் ஓடிப் பழகிய வாகனம், யாழ்ப்பாணத்தில் பெற்றோலைக் கண்டதும் பண்ணைப் பாலத்தில் படுத்துவிட்டது. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துவந்து எங்கள் வீட்டு வளவுக்குள் விட்டோம். அண்ணி பின் ஆசனங்களைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டாள், பின் கதவடியில் அடுப்பு மூட்டிக் குசினி வைத்தாள், யன்னலுக்குச் சீலை தைத்தாள். இப்போது வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். இப்படி இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது, இருபதாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு நிமலினி ரீவியில் தனித்துப் பாடுகிறாள் என்று. இரண்டு வயதில் அண்ணியின் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளையைப் பதின்மூன்று வருடமாக நாங்கள் கண்ணால் காணவில்லை. பாதை திறந்து இரண்டு வருடமாகப் போகிறது, நீ இன்னும் கூட்டி வரவில்லை. அதைப் பற்றி வேறாக எழுதுவேன். "எப்பிடியெண்டாலும் பிள்ளையைப் பாக்கவேணும்" என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு நான் சாப்பிடும்போதெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரீவியையும் அதை ஓட்டப் பற்றரியையும் சந்திக் கடை மயில்வாகனத்தார் தந்தார். அன்ரெனாவை நானே செய்தேன். முப்பத்தொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவன் அல்லவா, கொப்பியில் அலைநீளம் கணக்குப் பார்த்து, படம் கீறி, குடைக்கம்பிகளை வளைத்துக் கட்டினேன். ரீவியில் புள்ளி மழைதான் பெய்தது. பக்கத்து வளவு யாகப்பு கடலுக்குப் போகிறவன், என்னிடம் எட்டாம் வகுப்போடு நின்றவன், கொப்பியை வாங்கி வடிவாகப் பார்த்தான். "கணக்கெல்லாம் சரி மாஸ்ரர். உயரந்தான் காணாது" என்று சொல்லி, பழைய வள்ளத்துப் பாய்மரத்தைத் தூக்கிவந்து வானின் கூரையில் நட்டான். நுனியில் அலுமினியக் குழாய் அன்ரெனா. வள்ளத்து ஓட்டை அடைக்கிற பைபர் பசையை ஊற்றி அடியை ஒட்டினான், நாலு பக்கமும் நைலோன் கயிறு இழுத்துக் கட்டினான். "இனிப் புயலுக்கும் அசையாது" என்றான். உண்மையில் அசையவில்லை. படம் அவ்வளவு துப்புரவு. ஆனால் இந்தியப் படம். எங்கள் தீவுகளில் யார் அன்ரெனா கட்டினாலும் கை தானாக இராமேசுவரப் பக்கம்தான் திருப்பும். யாகப்புவும் திருப்பினான், பௌதிகம் படித்த நானும் கீழே நின்று தலையாட்டினேன். ஒரு வாரம் சந்தோசமாக இந்தியா பார்த்தோம். சனிக்கிழமை காலையில்தான் கொழும்பு வேறு திசையில் இருப்பது எங்கள் இருவருக்கும் நினைவு வந்தது.

பசை கல்லாகிவிட்டது, பாய்மரத்தைத் திருப்ப வழியில்லை. வெட்டினால் கூரையும் கூடவே வந்துவிடும். நான் கொப்பியைத் தேடிக்கொண்டிருக்க, யாகப்பு பீடியை அணைத்துவிட்டு, "மரத்தை ஏன் மாஸ்ரர் திருப்புவான்? வள்ளத்தைத் திருப்புவம்" என்றான். வள்ளம் என்று அவன் சொன்னது எங்கள் வீட்டை. கரைவலைக்காரர் பதினொரு பேர் வந்தார்கள். மணலில் புதைந்த ரயர்களைத் தோண்டி, கீழே பனங்குற்றி கொடுத்து, வடம் கட்டி, வள்ளம் கரையேற்றுகிற அதே பாட்டோடு இழுத்தார்கள். உள்ளே கட்டில், பானை சட்டி, மாதா சுரூபம், நான். ரீவியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. நான் "நில்லுங்கோ" என்று சொல்லி அவர்கள் நிற்பதற்குள் இரண்டடி கூடிவிடும், பிறகு பின்னுக்கு இழுப்பார்கள், அது குறைந்துவிடும். அந்த நேரம் உனக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளை எந்த வரிசையில் நிற்பாள் என்று கேட்க ஊர்காவற்றுறைக்குப் போயிருந்த அண்ணி திரும்பி வந்தாள். தன் வீடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு படலை வாசலில் நின்று, வடம் இழுக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "எத்தினையாவது ஆளாம்?" என்று உள்ளேயிருந்து கேட்டேன். "முன் வரிசை. இடப்பக்கத்திலயிருந்து மூண்டாவது" என்றாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு தானும் தோள் கொடுத்துத் தள்ளினாள்.

ஐந்து இருபதுக்குக் கொழும்பு பிடிபட்டது. பின் கதவடியில் முப்பது பேராவது இருக்கும். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வந்து நின்றார்கள், ஒவ்வொரு முகமும் நகமளவு, அதிலும் பாதி புள்ளி. மூன்றாவது பிள்ளை முன்னுக்கு வந்து பாடினாள். தம்பி, அந்தக் குரலை நான் என்னென்று எழுதுவேன். மேலே போய் அவள் நிறுத்தின இடத்தில் யாகப்பு தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்தான். "உது எங்கட மாஸ்ரற்ற பெறாமகள்" என்று, அது தெரிந்தவர்களிடமே திரும்பத் திரும்பச் சொன்னான். மூக்கு அப்படியே எங்கள் அம்மாவின் மூக்கு. ஊர் பார்க்க அண்ணி என் கையைப் பிடித்தாள், கலியாணம் கட்டி முப்பத்துநாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை. நானும் அழுதேன், மறைக்கவில்லை. பங்குச் சாமியாரும் நின்று கேட்டவர், தை மாதக் கோயில் திருநாளில் இதே பாட்டை இங்கே பாட நிமலினியின் பெயரைக் கையோடு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளையின் நெற்றியில் எங்கள் சார்பில் சிலுவை அடையாளம் இடு. உனக்கும் மனைவிக்கும் பாலன் பிறப்பின் சமாதானம் நிறைவாய்க் கிடைக்கட்டும்.

அன்பு அண்ணன்,
மரியநாயகம்

பி.கு.: உறையை மூடுமுன் அண்ணி வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு, நிமலினி பாடவே போகவில்லை என்றாள். கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கிப் படுத்திருக்கிறாள் என்று நேற்று மத்தியானமே நீ தொலைபேசியில் சொல்லிவிட்டாயாம், அவளுடைய மூன்றாவது இடத்தில் வேறொரு பிள்ளை நின்று பாடும் என்றும். "பதினொரு பேர் வேர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டு நிக்கேக்க நான் என்னெண்டு சொல்லுறது? ஆரோ ஒரு பிள்ளை பாடத்தானே போகுது" என்கிறாள். மூக்கைப் பற்றி எழுதியதை வெட்டிவிடு. மற்றதெல்லாம் அப்படியே கிடக்கட்டும். பிள்ளை சுகமானதும், பாடினது யாருடைய மகள் என்று விசாரித்து, அவளிடம் அந்தப் பாட்டைப் பழக அனுப்பு. சாமியார் பெயர் எழுதிவிட்டார், ஊர் முழுக்கக் குரலைக் கேட்டுவிட்டது, கோயில் திருநாளுக்கு நீ கூட்டி வராமல் இனித் தப்ப ஏலாது. இதையும் யோசித்துத்தான் பேசாமல் இருந்தீரா என்று அண்ணியைக் கேட்டேன். அவளோ பிள்ளைக்கு எங்கே படுக்கை போடலாம் என்று வானுக்குள் சாண் வைத்து அளந்துகொண்டிருக்கிறாள்.