வலிக்கட்டும் சிஸ்டர்

"வேணாம் சிஸ்டர். மருந்தெல்லாம் போடாதீங்க. வலிக்கட்டும்" என்றார் பிளம்பர்.

கட்டு மாற்றும் அறை இதுவரை கேட்டறியாத வசனம் அது. நர்ஸ் ஜெல் டியூபும் கையுமாக அப்படியே நின்றாள்.

"அண்ணே, போன தடவை நீங்க போட்ட கூச்சல்ல எதிர்த்த மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துட்டுப் போனாரு. உங்களுக்காகவே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கியிருக்கேன். இதைக் கட்டுத் துணி மேலயே ஊறத் தடவி அரை மணி நேரம் விட்டா அந்த இடம் மரத்துப்போகும். துணியை உரிக்கிறதே தெரியாது."

"அதான் வேணாங்கறேன்."

பிளம்பரின் கஷ்டம் பிளம்பருக்குத்தான் தெரியும். ஊரெல்லாம் குழாய் மாட்டுகிறவர் வீட்டில் அடுப்படிக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த மனைவி, ஒருநாள் வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாள். மனுஷனுக்கு இதைவிட அவமானம் உண்டா? அந்த ஆளை வைத்துக்கொண்டே மனைவியை வாய்க்கு வந்தபடி பேசி, பேச்சு போதாமல் இரும்பு வாளிக்கு ஓர் உதையும் விட்டார். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்குத்தான் முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்தது.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சாச்சு" என்பதைக்கூட ஃபிரிட்ஜிடம்தான் சொல்வாள்.

ஆனால் முதல் தடவை கட்டைப் பிரித்தபோது, புண்ணில் ஒட்டிக்கொண்ட துணி உயிரையே உருவியது. அவர் போட்ட அலறலில், வெளியே பெஞ்சில் இருந்தவள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "பொறுத்துக்குங்க, இதோ ஆயிடுச்சு" என்றாள். அவரிடமேதான் சொன்னாள். ஃபிரிட்ஜ் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு கட்டு மாற்றும் நாளை நினைத்தாலே பிளம்பருக்கு மனசு குளிர்ந்தது. இப்போது வலியே இல்லையென்றால் அவள் எதற்காகக் கையைப் பிடிக்கப் போகிறாள்?

நர்ஸ் விடுவதாயில்லை. ஜெல்லைத் தடவியே விட்டாள். அரை மணி கழிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான மருந்து. தொட்டால்கூடத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பிளம்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஐயோ அம்மா!" என்று கத்தினார். மனைவி ஓடி வந்து கையைக் கொடுத்தாள்.

"நான் இன்னும் கத்திரிக்கோலையே எடுக்கலயே" என்றாள் நர்ஸ்.

"பயத்துல முன்கூட்டியே வலிக்குது சிஸ்டர்."

அடுத்த தடவை ஜெல்லோடு ஸ்பிரேயும் சேர்ந்தது. மருந்து கூடினால் அலறலும் கூட வேண்டாமா? கூட்டினார். பிடியையும் கூட்டினார். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை அது. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு, "பொறுத்துக்குங்க" என்றாள். ஆகா, என்ன பரிவு என்று பூரித்துப்போனார் இவர்.

நர்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கடுத்த தடவை டாக்டரையே கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தினாள். டாக்டர் எதிரில் குறைவாகக் கத்தினால் நன்றாயிருக்குமா? பிளம்பர் வஞ்சகமில்லாமல் கத்தினார். பாதிக் கத்தலில் மனைவி வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய்விட்டாள்.

டாக்டர் மோவாயைத் தடவினார். "இவ்வளவு மருந்துக்கும் வலிக்குதுன்னா உள்ள சீழ் கட்டியிருக்கணும். கீறிப் பார்த்துடலாம். கத்தியை எடுங்க சிஸ்டர்."

பிளம்பர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "டாக்டர், சத்தியமா வலிக்கல! ஜெல் தடவின அன்னையிலேர்ந்தே வலிக்கல!"

"அப்புறம் எதுக்குய்யா கத்துனீங்க?"

"கத்தினாத்தான் அவ கையைப் பிடிக்கிறா. ரெண்டு வார்த்தை பேசுறா."

டாக்டர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். பிறகு குனிந்து புண்ணைப் பார்த்தார்.

"நல்லாவே ஆறிடுச்சு. இனிமே நீங்க இங்க வர வேண்டியதே இல்ல."

பிளம்பர் காலையே பார்த்தார். ஆறிய காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளிடம் போய் "தப்புதான்" என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் ஒருநாளும் சொல்லிப் பழகாத வாய்க்கு அது எங்கிருந்து வரும்? நர்ஸ் சின்னதாய்க் கடைசிக் கட்டுப் போட்டு, சீட்டெழுதி அனுப்ப முக்கால் மணி ஆனது. பிளம்பர் நொண்டாமலே வெளியே வந்தார். பெஞ்சு காலியாக இருந்தது. கோபித்துக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டாள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"கத்துற பிளம்பர் நீங்கதானே?" தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். "உங்க வீட்டம்மா அந்தக் கடைசி ரூம்ல இருக்காங்க. நீங்க பிடிச்ச பிடியில சுண்டுவிரல் பிசகிப்போச்சு."

கடைசி ரூம் பக்கம் ரெண்டெட்டு வைத்த பிளம்பர் திரும்பினார். "ஐயையோ! ரொம்ப வலிக்குதாமா?"

"மரத்துப்போற ஊசி போட்டு, விரலை இழுத்துச் சரி பண்ணிக் கட்டும் போட்டாச்சு. இப்ப கிள்ளினாக்கூடத் தெரியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க." ஆயா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வலி உயிர் போகுதாம், நீங்க வந்து இன்னொரு கையைப் பிடிச்சாத்தான் அடங்குமாம்."