மெக்சிகோ மிளகாயும் மலையிறங்கிய கிராணியும்

இல்லறத்தீரே, ஆண்மகன் ஒருவன் தன் மனைவியிடம் "வீட்டுக்கு வா" என்று கெஞ்சுதல் ஆகாது என உறுதி பூண்டேன். பூண்ட அன்றே குளிர் எலும்பைத் தொட்டது.

என் மனைவி மணியம்மா, மகள் ஜெயாவின் பிரசவத்துக்காக மலைக்குக் கீழே ஈப்போ நகருக்குப் போயிருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகிய நான் மலைமேல் தனியனானேன். காலையில் என் சட்டையை அடுப்பனலில் காட்டிச் சூடேற்றித் தருபவள் அவள். இப்போது மூடுபனியையே உடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ் ஏறிவரும் ஓசை கேட்டால் என் பேனா நின்றுவிடும். பஸ்ஸும் நிற்கும். எவரோ இறங்குவர். பேனா மறுபடி நகரும்.

இந்நிலையில், துரை பங்களாச் சமையல்காரர் அமல்தாஸ் ஒரு பொட்டலத்தோடு வந்தார். துரையின் விருந்தாளியாக வந்த மெக்சிகோ அம்மையார் விட்டுச் சென்ற மிளகாய் வற்றல்கள்.

"கிராணியாரே, இது ஆஞ்சோ. அகலமா இருக்கும், திராட்சை மாதிரி இனிக்கும். இந்த நீளக் கறுப்பு, பசீயா. புகை வாசம் அடிக்குதே, அது சிப்போத்லே. இந்தச் சின்னச் சிவப்பு ஆர்போல். இதுகிட்ட மட்டும் மரியாதையா இருங்க லா!"

என் உள்ளத்தில் திட்டம் உதித்தது. ரசம் வைத்தால் ஊர் பரிதாபப்படும். மெக்சிகோ விருந்து சமைத்தால்? நான் சுகமாக உண்பதைக் கேட்டு மணியம்மாவுக்கு ரோஷம் வராதா? ரோஷம் அவளை மலையேற்றாதா?

ஞாயிறன்று ஆர்போலை நம் ஊர் மிளகாயென எண்ணி, எண்ணெயில் போட்டுக் கருகத் தாளித்தேன். வீட்டு வரிசை முழுவதும் இருமியது. அடுத்த வீட்டுச் சீதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணே! கொசு மருந்தா அடிக்கிறீங்க? எங்க கோழியெல்லாம் இருமுது!"

"சமையல், தங்கச்சி. மெக்சிகோ சமையல்."

"அக்கா இல்லாம கஷ்டமாத்தானே இருக்கு? எங்க வீட்டுக்காரரு நாளைக்குக் காய்கறி லோரியில ஈப்போ போறாரு. அக்காவ வரச்சொல்லவா?"

"கஷ்டமா? எனக்கா? ராஜா மாதிரி சாப்பிடுறேன்னு சொல்லச் சொல்லு!"

அப்போது என் கண்ணில் வழிந்த நீருக்கு ஆர்போலே முழுப்பொறுப்பு.

கிணற்றில் விழுந்த ஒருவன், கயிறு கேட்க வெட்கி, உள்ளிருந்தபடியே உல்லாசமாகப் பாடினானாம். ஊரார், "ஆனந்தமாகக் குளிக்கிறான்" என்று சொல்லிப் போய்விட்டனராம். அவனைப் பார்த்து நகைப்பவர் நகைக்கட்டும். நான் நகைக்கமாட்டேன்.

ஆனால் என் பாட்டுக்குப் பலன் கிட்டியது! லோரி திரும்பியபோது, வெற்றுக் கூடைகளுக்கு முன்னால், டிரைவர் பக்கத்தில் மணியம்மா!

பரபரத்தேன். இம்முறை வற்றல்களைப் பதமாக வறுத்து, விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, தக்காளியும் பூண்டும் சேர்த்து அரைத்து, கோழியை வேகவிட்டேன். அமல்தாஸ் சொன்னபடி சாக்லேட்டும் ஒரு துண்டு. மணியம்மா நிதானமாக உண்டாள்.

"ஏங்க, நீங்களேவா அரைச்சீங்க?"

"அம்மியில! வெண்ணெய் மாதிரி!"

"பூண்டு உரிச்சது?"

"நானே."

"கோழி கழுவினது?"

"நானேதான், மணி."

"பாவம், கஷ்டமா இல்ல?"

"சமையலா? அது ஓர் ஆனந்தம்!"

இனி அவள் போகமாட்டாள் என்று நெஞ்சு குளிர்ந்தது. அவள் எழுந்து, கை கழுவி, என் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"என்ன செய்யிற?"

"பிள்ளையக் குளிப்பாட்டி, துணி துவைச்சு, அங்க ஆக்கிப்போட்டு என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. ஆள் தேடிக்கிட்டு இருந்தேன். வர்ற வழியிலயே துரையப் பாத்து உங்களுக்கு லீவு கேட்டுட்டேன். கெளம்புங்க, அடுத்த நடைக்கு லோரி நிக்குது."

இப்போது ஈப்போவில், பிள்ளை பெற்ற மகளுக்கு மிளகாயே படாத பத்தியக் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். மணியம்மாவுக்கும் எனக்கும் இடையே மலையில்லை, ஒரே ஒரு சுவர்தான். அவள் கூடத்தில், பேரனோடு. நான் அடுப்படியில். சட்டை தானாகவே சூடாகிறது. ஆகவே இல்லறத்தீரே, வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள்!

கூடத்திலிருந்து அவள் குரல், பக்கத்து வீட்டம்மாவிடம்: "நான் வேணாம்னுதான் சொன்னேன். எங்க கேக்குறாரு? சமைக்கிறதுல இந்த மனுசனுக்கு அவ்வளவு ஆசை!"