வின்ச்சு நைனா வாசித்த ரும்பா

வயிற்றால் சங்கீதம் கேட்ட மனிதரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா, ஒரே காம்பவுண்டில் அவரோடு குடியிருந்தேன், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தேன், அவருக்காக ஒரு கல்யாண ஹாலில் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ராயபுரத்தில் அவருக்கு வின்ச்சு நைனா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கோடு போடும் டேலி கிளார்க். அதனால் எனக்கும் ராயபுரத்தில் பெயர் கிடையாது, டேலி என்றால் நான்தான். நைனா கப்பல் மேல்தளத்தில் நீராவி வின்ச் ஓட்டுகிறவர். கப்பலின் பள்ளத்தில் கிடக்கும் மூட்டைகளைக் கம்பிக் கயிற்றில் தூக்கிக் கரையில் இறக்குகிற இயந்திரம் அது. இருபது வருஷம் அதன் பக்கத்திலேயே நின்றதில், அவருடைய காது இரண்டும் கண்ணாடி மாட்டத்தான் மிச்சம் இருந்தன.

தனக்குக் கேட்காதது ஊரில் யாருக்குமே கேட்காது என்பது நைனாவின் நம்பிக்கை. ஒரு நாள் என்னைத் தனியாக முருங்கை மரத்தடிக்கு இழுத்துப் போய் ரகசியம் சொன்னார்.

"டேலி, யாராண்டையும் சொல்லாத. வூட்ல தனத்துக்குத் தெரியாம வடை துன்னுட்டு வந்துகீறேன்."

அடுத்த நிமிஷம் அவர் சம்சாரம் தனம் அக்கா அடுப்பங்கரையிலிருந்து, "எத்தினி வடைன்னு கேளு டேலி" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு குரல், "நாலு" என்றது.

வின்ச் ஓட்டுகிறவருக்குத் தான் தூக்குகிற பாரம் கண்ணுக்குத் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஆள் நிற்பான், அவன் கையைத்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்கு. கீழே பார்த்தால் இறக்கு. முஷ்டியை மடக்கினால் அந்த நொடியே நிறுத்து, மறுபடி உள்ளங்கை தெரிகிற வரைக்கும் மூச்சுகூட விடாதே. முஷ்டியைப் பார்த்தும் நிறுத்தாவிட்டால் கீழே நிற்கிறவன் தலையில் இருபது மூட்டை இறங்கும். இருபது வருஷத்தில் நைனா கையிலிருந்து ஓர் ஆள் மேல் ஒரு மூட்டை விழுந்ததில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தப் பழக்கம் கப்பலோடு நிற்கவில்லை. தனம் அக்கா சண்டையில் முஷ்டியைக் காட்டினால் போதும், நைனாவின் வாய் பாதி வார்த்தையில் நின்றுவிடும். "இத்தக் கண்டுபிடிச்ச அப்பால தான் எனக்கு சம்சாரம் ஒயுங்கா ஓடுது" என்பாள். ஒருமுறை சங்க ஊர்வலத்தில் முன்வரிசையில் போனார். தலைவர் கோஷம் போட்டு முஷ்டியை உயர்த்தினார். நைனா சிலையாக நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டம் ஒருவர் முதுகில் ஒருவர் போய் மோதியது. அடுத்த கோஷத்துக்கும் அதேதான். மூன்றாவது கோஷத்துக்குத் தலைவரே இறங்கி வந்து, "நீ வூட்டுக்குப் போ நைனா, உன் கோரிக்கையையும் சேத்து நாங்களே கேட்டுக்கறோம்" என்று கும்பிட்டார்.

இப்படிப்பட்டவருக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் நடனமாடுவதற்கு எங்கள் பக்கம் ஒரு ஹால் இருந்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து இரண்டு பேரும் அந்த வழியாக வந்துகொண்டிருந்தோம். நைனா திடீரென்று நின்றார். யாராவது முஷ்டி காட்டிவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நைனா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, வடையா?" என்று காதில் கத்தினேன்.

"டேலி, கேக்குது."

"இன்னா கேக்குது?"

"பாட்டு. வவுத்துல கேக்குது."

ஹால் சுவரில் போய் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் ஒரு பாட்டைக் கேட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். பேண்டில் ஆள் உயரத்துக்கு ஒரு டபுள் பேஸ். பிடிலுக்குக் கொள்ளுத் தாத்தா மாதிரி இருந்தது. அதை நிற்கவைத்து ஒருவன் விரலால் இழுத்து இழுத்து விட, அந்த அதிர்வுதான் தரை, சுவர் எல்லாம் கடந்து நைனாவின் வயிற்றுக்கு வந்திருக்கிறது. அடுத்த மாதமே அந்த ஆள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். பேஸ் மூலையில் சாய்ந்து கிடந்தது. நைனா நேராகப் போய் பேண்டு மாஸ்டர் முன்னால் நின்றார்.

பெர்னார்டு மாஸ்டர் டிரம்பெட் வாசிப்பவர். சிரிப்பதற்குக் கூட நோட்ஸ் எழுதித் தந்தால்தான் சிரிப்பார்.

"யு மேன், உனக்குக் காது கேக்காதுன்னு சொல்றாங்க." நான் அதை நைனாவின் காதில் கத்தினேன்.

"அதான் மாஸ்டர் இத்தக் கேக்கறேன். ஒலகத்துல இது ஒண்ணுதான் எனக்குக் கேக்குது."

மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். "இதை பெங்களூர்ல ஒருத்தன் விலைக்குக் கேட்டு லெட்டர் போட்டிருக்கான். ஜனவரியில எஞ்சின் டிரைவர் பொண்ணு வெட்டிங். அதுல ஒரே ஒரு ரும்பா டான்ஸ். தப்பில்லாம வாசி, பேஸ் உன்னுது, பேண்டுல உனக்கு இடமும் உண்டு. தப்பு பண்ணினா மறுநாள் இது பெங்களூர் ரயில்ல ஏறிடும்."

காசிமேட்டு மீன் வண்டி ஒன்றில் பேஸைப் படுக்கவைத்து, வெள்ளை வேட்டியைப் போர்த்தித் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தோம். விஷயம் தெரியாமல் இரண்டு பெண்கள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். தலைவிரி கோலமாக ஓடிவந்த தனம் அக்கா, வண்டி தள்ளுகிற நைனாவைப் பார்த்துத் திகைத்து, "நீ இங்க கீற, அப்ப இது யாரு?" என்றாள்.

நேரான தாளம் நைனாவுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. ரும்பாதான் படுத்தியது. எட்டு எண்ணிக்கையை நாலு நாலாக வெட்டாமல் மூன்று, மூன்று, இரண்டு என்று வெட்ட வேண்டும். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பார்த்தோம், சுவரில் கோடு போட்டுப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. "நல்ல காலு கீறப்ப எதுக்கு டேலி நொண்டி நொண்டி நடக்கணும்?" என்று விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வழி எனக்குத்தான் தோன்றியது. மூட்டை எண்ணும்போது சரக்கின் பெயரை முணுமுணுப்பது என் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எதிரில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். சக்-க-ர மூன்று, உப்-பு இரண்டு என்று கணக்கு வைத்து, "சக்கர, சக்கர, உப்பு" என்று வாயை அகலத் திறந்து சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினேன். நைனாவின் கண் என் கையில் ஒட்டியது. இழுத்தார். சக்கர, சக்கர, உப்பு. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. படுபாவி மனுஷன், பிடித்துவிட்டார். நான் குதித்த குதியில் பக்கெட் உடைந்தது.

அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு வேறு நினைப்பே கிடையாது. பரணில் இருந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் நடுங்கியது. மீன் கூடையோடு போகிற பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்ததும் கால் தானாக மாறி, மூன்றடி, மூன்றடி, இரண்டடி என்று வைத்தார்கள். "யோவ் வின்ச்சு, உன்னால என் வஞ்சிரம் கீய வுயப் போவுது" என்று ஒருத்தி திட்டிக்கொண்டே ஆடிப் போனாள். தனம் அக்கா ஒரு நாள் காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரையும் ஒரு கரண்டி உப்பும் போட்டுவிட்டாள். "வாயில அதே வந்துகினு கீது, கையும் அப்படியே பூட்ச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நைனா ஒரு வாய் குடித்துவிட்டு, "தாளம் கரீட்டு" என்றார்.

டிசம்பரில் மாஸ்டர் நைனா வீட்டுக்கே வந்து வாசிப்பைக் கேட்டார். முகம் மலரவில்லை. "இது ஸ்கூல் பிள்ளை ரும்பா. நாலாவது சுத்துல முதல் சக்கரையை முழுங்கணும் மேன். அடிக்காம விடணும். அங்கதான் ஆடறவங்க இடுப்பு திரும்பும்."

அடிப்பதைவிட அடிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. "பாரத்த நடுவுல வுட்டா கீய கீறவன் இன்னா ஆவான்?" என்பார் நைனா. கை சொன்ன பேச்சைக் கேட்காமல் இழுத்துவிடும். விரல் நுனி பிய்ந்து ரத்தம் வந்தது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நிற்பார். கடைசியில் அந்த இடத்தில் நான் முஷ்டியைக் காட்டினேன். கை தானாக நின்றது. உள்ளங்கையைத் திறந்தேன். இரண்டாவது சக்கரை டொம்மென்று விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

கல்யாண நாள் வந்தது. நைனா இரவல் கோட்டில் நின்றார், அதன் கை முழங்கையோடு முடிந்திருந்தது. "டான்ஸ் நடுவுல ஒரு கிளார்க் நின்னு கை ஆட்டினா டிராபிக் போலீஸ்னு நினைப்பாங்க" என்று மாஸ்டர் என்னைக் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். இலைக்கு மேலே என் கை மட்டும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தனம் அக்காவும் எங்கள் தெருவும்.

ரும்பா ஆரம்பித்தது. அடடா, என்ன சொல்வது. நைனா இழுக்க இழுக்கக் கேக்கின் மேல் நின்ற சர்க்கரைப் பொம்மைகளே ஆடின. நாலாவது சுற்று, என் முஷ்டி, நைனா முழுங்கினார், முப்பது ஜோடி இடுப்பும் ஒன்றாகத் திரும்பியது. மறுபடி நாலு சுற்று, மறுபடி முழுங்கினார். ஒரு பிசகு இல்லை. பேஸ் நமக்குத்தான் என்று தொட்டிக்குப் பின்னால் நான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்போது பெர்னார்டு மாஸ்டர் வலக்கையால் டிரம்பெட்டைப் பிடித்து ஊதிக்கொண்டே இடக்கை முஷ்டியை உயர்த்தினார். பேண்டுக்காரர்களுக்கு அது, இன்னும் ஒரு சுற்று, அதோடு முடி என்று அர்த்தம். எனக்குத் தெரியாது. நைனாவுக்கு எப்படித் தெரியும்?

நைனா நிறுத்தினார்.

பேஸ் நின்றதும் டிரம் தடுமாறி நின்றது. பியானோ நின்றது. டிரம்பெட் தனியாகக் கொஞ்ச தூரம் போய் முனகி அடங்கியது. மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றார். யாரோ ஒரு சித்தப்பாவின் கையில் பின்பக்கமாக வளைந்திருந்த குண்டு அம்மாள் நிமிர முடியாமல் அப்படியே தொங்கினாள். அதிர்ச்சியில் மாஸ்டர் முஷ்டியை இறக்கவும் மறந்துவிட்டார். நைனா அந்த முஷ்டியையே பார்த்தபடி மூச்சுவிடாமல் நிற்கிறார். உள்ளங்கை தெரிகிற வரை பிரளயமே வந்தாலும் அவர் கை அசையாது. என் மனசுக்குள் பெங்களூர் ரயில் கூவிக்கொண்டு கிளம்பிவிட்டது.

நான் எழுந்தேன். தொட்டி உருண்டது. இரண்டு உள்ளங்கையையும் தலைக்கு மேல் தூக்கி, "சக்கர" என்று அலறினேன். ஜன்னலுக்கு வெளியே மொத்தத் தெருவும் "சக்கர" என்றது. நைனாவுக்கு அது ஒன்றும் கேட்டிருக்காது. என் கையைப் பார்த்தார். வாழ்நாளிலேயே இழுக்காத இழுப்பாக ஒன்று இழுத்தார். ஹால் மொத்தமும் அந்த ஒரு அடியில் திரும்பியது. குண்டு அம்மாள் நிமிர்ந்துவிட்டாள்.

கைதட்டல் ஓயவில்லை. அந்த நிறுத்தம் இன்னொரு தடவை வேண்டும் என்று பெண்ணின் அப்பா அடம்பிடித்தார். மாஸ்டர் கசாயம் குடித்த முகத்தோடு மூன்று முறை முஷ்டியைத் தூக்க வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து மாஸ்டர் வந்தார். "ஜனங்களுக்குப் பிடிச்சது வேற விஷயம். நீ நிறுத்தினது தப்பு மேன். முஷ்டின்னா கடைசி சுத்து."

அதை நான் நைனாவின் காதில் கத்தினேன். அவர் பேஸை மெதுவாகச் சுவரில் சாய்த்துவைத்தார். அதன் மரத்தை ஒருமுறை தடவினார்.

"தப்புதான் மாஸ்டர். ஆனா கீய ஜனம் நின்னுகினு இருந்தாங்க. முஷ்டியப் பாத்த அப்பால என்னால நிறுத்தாம இருக்க முடியாது. பெங்களூருக்கே அனுப்பிடு."

மாஸ்டர் பேஸைப் பார்த்தார், அந்தப் பிய்ந்த விரல்களைப் பார்த்தார். பிறகு நைனாவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினார்.

நைனா அந்தக் கையைப் பார்த்தார். பேஸைத் தூக்கிக்கொண்டார்.

எத்தனையோ வருஷம் அந்த பேண்டில் வாசித்தார். இப்போது நைனாவும் இல்லை, மாஸ்டரும் இல்லை, நான் வேறு பேட்டைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் எங்காவது கல்யாண பேண்டு வயிற்றில் அதிர்ந்தால் என் உள்ளங்கை தானாக மேலே திரும்பிவிடுகிறது. மழை தூறுகிறதா என்று பார்க்கிறேன் என்று பேரன் நினைத்துக்கொள்கிறான். மழை இல்லையடா, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு மனுஷர் எங்கேயோ நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.