பத்து விரலிலும் கறை

1959 ஆகஸ்ட், பாகூரில் ஓட்டுப்பதிவு நாள். என் நாட்குறிப்பில் உள்ளபடி: காலை 5.00 விழிப்பு. 5.10 பல் துலக்கல். 5.40 கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர். 6.00 முதல் 8.00 வரை அடுப்படியில் போட்டோ கழுவல். அந்தப் பக்கத்தில் பத்து விரல் ரேகையும் பதிந்திருக்கிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போட்டோ என் அக்கா கணவருடையது. மாமா அன்று ஒரு வேட்பாளரின் ஏஜெண்ட். வேட்பாளரோடு தான் நிற்கும் படத்தைச் சாவடியில் நாலு பேருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்றார்.

போட்டோ கழுவும் மருந்தில் ஹைட்ரோகுயினோன் என்ற வெள்ளைத் தூள் உண்டு. காற்றுப் பட்டால் அது குயினோனாக மாறும். தொட்ட தோலும் நகமும் கறுக்கும். இந்த எச்சரிக்கையைப் புத்தகத்தில் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தேன். (அடிக்கோடிட்டதோடு சரி.) இடுக்கி பட்டால் படத்தில் கீறல் விழும் என்று பத்து விரலையும் விட்டுக் கலக்கினேன்.

ஒன்பதரைக்கு வரிசையில் நின்றேன். என் முதல் ஓட்டு. உள்ளே மாமாவின் குரல் கணீரென்று கேட்டது: "வெரல்ல கறை இருந்தா எங்கப்பனா இருந்தாலும் வெளிய அனுப்புங்க சார்!"

அதிகாரி என் இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையை. பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி இரண்டையும்.

"இன்னாப்பா, பத்து ஓட்டா?"

பின்னால் நின்ற மீன்காரம்மா சும்மா இருக்கவில்லை. "கால் வெரலையும் பாருங்க சார், இன்னும் பத்து தேறும்!"

எழுந்த மாமா என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். எதிர்த்தரப்பு ஏஜெண்ட் விடவில்லை. "இன்னாண்ணே, உங்க சட்டம் மச்சானுக்குக் கெடையாதா?"

"போட்டோ மருந்து சார்" என்று கெஞ்சி, வீட்டுக்கு ஓடிப் பாட்டிலையும் படத்தையும் கொண்டுவந்தேன். படத்தைக் கண்டதும் மாமாவுக்கு வீரம் வந்தது. "எம் மச்சான் பொய் சொல்லமாட்டான். இதோ பாருங்க!" வலது கையில் படம் இருந்ததால் இடது ஆள்காட்டி விரலைப் பாட்டிலுக்குள் விட்டார். கால் மணியில் நகத்தைச் சுற்றிக் கறுத்தது. அதிகாரி ஒப்புக்கொண்டார். என் விரல்களில் வெறும் இடம் தேடிச் சலித்து, மணிக்கட்டில் மை வைத்தார். ஓட்டுப் போட்டேன்.

12.15: மருந்தைக் கொட்டிப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். (ஒழுங்கான பிள்ளை.)

12.40: மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். "டேய், அந்த பாட்டில் எங்கடா?" அதிகாரி சாப்பிடப் போயிருந்தார், அவரிடத்தில் புதியவர். மாமா ஓட்டுப் போடப் போக, விரலில் கறை. எதிர்த்தரப்பு ஏஜெண்ட், "மருந்தா? எனக்கு ஒண்ணுந் தெரியாதுபா" என்று கூரையைப் பார்த்தாராம்.

பாட்டில் பளபளவென்று இருந்தது. சாட்சிக்கு என்னையே இழுத்துப் போனார். புதியவர் என் விரல்களை எண்ணினார், மணிக்கட்டில் நின்றார்.

"பதினொண்ணா? ரெண்டு பேரும் வெளிய போங்க. காலையில நீங்களே சொன்னீங்களாமே, அப்பனா இருந்தாலும்னு?"

மாமாவின் வேட்பாளர் தோற்றார், ஏகப்பட்ட ஓட்டு வித்தியாசத்தில். எங்கள் வீட்டில் மட்டும் ஒரே ஓட்டில் தோற்றதாகத்தான் கணக்கு. இன்றும் பந்தியில் நான் உட்கார்ந்தால் அக்கா, "பத்து வெரலையும் காட்டு, அப்பறந்தான் எலை" என்கிறாள்.

நாட்குறிப்பில் ஓட்டுப்பதிவுக்கு மறுநாள்: காலை 5.00 விழிப்பு. 5.10-க்குப் பல் துலக்கவில்லை. வாசலில் அக்கா எலுமிச்சம்பழத்தோடு நின்றாள். பின்னால், விரலை நீட்டியபடி மாமா. முதல் வேலையாக அந்த விரல் கறையைத் தேய்த்தேன்.